ஆறு நாற்பது

"தம்பி, வீடு தெரியலப்பா."

ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். பேசுகிறவர் சிங்கப்பூரில் இருப்பார், துபாயில் இருப்பார், இல்லையென்றால் அமெரிக்காவில் அப்போதுதான் எழுந்து காபி கலந்துகொண்டிருப்பார். கேமரா ஓடவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வீடு தெரியவில்லை என்றுதான் சொல்வார்கள். 2009-லிருந்து காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கேமரா மாட்டுகிறேன். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த காசில், ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் புழங்குவதற்காகக் கட்டிய வீடு. இன்று அதில் ஒரு ஆச்சி மட்டும் இருப்பார், துணைக்கு வேலைக்கு வரும் ஒரு அம்மா. பல வீடுகளில் அதுவும் கிடையாது. பூட்டும், மாதம் ஒருமுறை வந்து கூட்டிப் பெருக்குகிற ஆளும்தான். அடுத்த கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ பங்காளிகள் எல்லாம் கூடும்வரை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வீடு போனில் தெரியும் நாலு கட்டம்தான்.

இந்த வீடுகளில் கேமரா மாட்டுவதே தனி வேலை. வைஃபை கேமரா ஒன்றைக் கையோடு வாங்கி வந்து, "ரூட்டர் முகப்புல இருக்கு, இதை அடுப்படிக்கு மாட்டிக் கொடுங்க" என்பார்கள். அந்தச் சுண்ணாம்புச் சுவர்களின் கனத்தில் இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் சிக்னல் ஓய்ந்துவிடும். கேபிள் இழுப்பதுதான் ஒரே வழி. இழுக்க எங்கே இடம்? சுவர்ப் பூச்சு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்து இழைத்துப் பளிங்கு மாதிரி ஆக்கியது. ஒரு சில்லு பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்று ஆள் தேட வேண்டும். என்னிடம் வேலை பழக வரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: சுவரைத் துளைக்கலாம், அதுவும் வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டு, தேக்குத் தூணிலும் நிலையிலும் டிரில் மிஷின் படவே கூடாது. பழைய வயரிங்குக்காக அடித்த மரப்பட்டிகள் வளவைச் சுற்றி ஓடும். அதை ஒட்டியே கேபிளைக் கொண்டுபோய், உத்தரத்துக்கு மேலே மறைத்து, ஓட்டுச் சந்து வழியாக அடுத்த கட்டுக்கு இறக்குவேன். நாலு கேமராவுக்கு மூன்று நாள் ஆகும். டவுனில் காங்கிரீட் வீட்டில் அரை நாளில் முடிகிற வேலை. அந்த மூன்று நாளும் எனக்குப் பிடித்தமான நாட்கள்.

நான் தொழிலுக்கு வந்தபோது கேமராக்கள் 420 டி.வி. லைன் தரத்தில்தான் இருந்தன. படத்தைச் சேமிக்கும் பெட்டியான டி.வி.ஆர். பதிவதோ சி.ஐ.எஃப். அளவு, அதாவது 352-க்கு 288 புள்ளி. ஒரு ஆள் வந்தான் என்று அதை வைத்துச் சொல்லலாம். எந்த ஆள் வந்தான் என்று சொல்ல முடியாது. ராத்திரியில் அதுவும் இல்லை. சாம்பல் பூத்த திரையில் ஏதோ ஒன்று அசையும். 2014 வாக்கில் அனலாக் ஹெச்.டி. வந்தது. பழைய கோஆக்சியல் கேபிளை அப்படியே வைத்துக்கொண்டு கேமராவையும் டி.வி.ஆரையும் மட்டும் மாற்றினேன். அதே கேபிளில் 1920-க்கு 1080 புள்ளிப் படம் ஓடியது. முதல் தடவை அதை டி.வி.யில் போட்டபோது, வாசல் கோலத்தின் புள்ளிகளை எண்ண முடிந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அய்யா எதுவும் பேசாமல் போய் நாற்காலி எடுத்துவந்து டி.வி. முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இன்றைக்குத் தெருவிளக்கின் மங்கல் வெளிச்சமே போதும், கேமரா சட்டையின் நிறத்தைக் காட்டுகிறது. விளக்கே இல்லாத கொல்லையில் இன்ஃப்ராரெட் எல்.இ.டி. எரிந்து, நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் கருப்பு வெள்ளையாகப் படம் பிடிக்கிறது. லென்ஸ் தேர்வைச் சரியாகச் செய்தால் போதும். வாசலுக்கு 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் தெரு முழுக்கத் தெரியும், முகம் எறும்பளவு இருக்கும். அதனால் ஆள் நுழையும் இடத்தைப் பார்த்து 6 மில்லிமீட்டரில் ஒன்று தனியாக வைப்பேன், அதுவும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. பத்தடி உயரத்தில் மாட்டிவிட்டால் பிறகு துண்டு கட்டிய தலைகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

கேமராவின் பலம் என்னவென்று எனக்குப் புரியவைத்தது திருட்டு இல்லை. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மழை நாளில் ஒரு ஆச்சி வளவு முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். எண்பது வயசு. கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது, அவ்வளவு உள்ளே. சென்னையில் இருந்த மகள் தற்செயலாகப் போனைத் திறந்தவர், முற்றத்தில் அம்மா கிடப்பதைப் பார்த்துவிட்டார். கேமராவிலேயே பேசுகிற வசதி உண்டு. "ஆத்தா, அசையாம இரு, நான் பார்த்துட்டேன், ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு போனில் பக்கத்து வீட்டை எழுப்பியிருக்கிறார். ஆள் வந்து சேரும் பத்து நிமிஷமும் மகள் பேச்சை நிறுத்தவில்லையாம். இடுப்பு எலும்பு முறிந்த வலியிலும் அந்தக் குரல் சுவரிலிருந்து வந்துகொண்டே இருந்தது என்று ஆச்சி பின்னால் என்னிடம் சொன்னார். நான் மாட்டிய பொருளைப் பற்றி என் காதால் கேட்ட பெரிய வார்த்தை அதுதான்.

கண் இப்படி வளர்ந்துவிட்டது. அந்தக் கண்ணிலிருந்து வீட்டுக்காரர் கைக்குப் படம் போய்ச் சேரும் வழிதான் வளரவில்லை. என் தொழிலில் ஏணி ஏறிச் சரிசெய்யும் பழுதுகளைவிட, ஏணியே தேவைப்படாத பழுதுகள் இன்றைக்கு அதிகம்.

முன்பெல்லாம் ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டு, வெளியூரிலிருந்து நேராக டி.வி.ஆருக்குள் நுழைவார்கள். பார்ப்பதற்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் வேண்டும், அதில் ஒரு பிளக்-இன் ஏற்ற வேண்டும். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்த பிரவுசரையே நிறுத்திவிட்டது. பழைய டி.வி.ஆர்களைத் திறப்பதற்கென்றே இன்னும் ஒரு பழைய லேப்டாப்பைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். இப்போது வருகிற எல்லாமே ஆப் வழியாகத்தான். பெட்டியின் அடியில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும், கம்பெனியின் சர்வர் நடுவில் நின்று போனையும் பெட்டியையும் சேர்த்துவைக்கும். மாட்டுகிறவனுக்கு இது சுலபம்தான். ஆனால் ஆச்சி வீட்டு வாசலுக்கும் அவர் மகனுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனி நிரந்தரமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கம்பெனி ஆப்பை மாற்றினால் எல்லாம் மாறிவிடும். நான் அதிகமாக மாட்டிய ஒரு பிராண்டு சில வருஷங்களுக்குள் மூன்று ஆப் மாற்றியது. ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு, புது ஓ.டி.பி., புதிதாக ஸ்கேன். மூன்றாவது ஆப்பில் பழைய மாடல்கள் சேரவே இல்லை. கேமரா நன்றாக இருக்கிறது, டி.வி.ஆர். நன்றாக இருக்கிறது, டி.வி.யில் படம் அருமையாக வருகிறது. துபாயில் இருப்பவருக்கு மட்டும் வீடு தெரியவில்லை. நல்ல பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு வழியும் இல்லை.

இன்னொரு பிராண்டில் கணக்குக்கு நாடு உண்டு. இந்தியாவில் திறந்த கணக்கில் சேர்த்த கேமராவை, சிங்கப்பூர் என்று போட்டுத் திறந்த கணக்குக்குப் பகிர முடியாது. அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்று நாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அம்மா ஒருவர்தான், வீடு ஒன்றுதான். ஆப்புக்கு மட்டும் அது புரியாது. இன்னொரு ஆப்பைத் திறந்தவுடன் படம் வராது. கிளவுட் சந்தா வாங்கச் சொல்லி ஒரு விளம்பரம் திரை முழுக்க நிற்கும், மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் கடுகளவு இருக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருள் அது. மனசு பதறித் திறக்கிற நேரத்தில் அம்மா முகத்துக்கு முன்னால் விளம்பரம் வந்து நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

எச்சரிக்கைகளின் கதை வேறு. படத்தில் புள்ளிகள் மாறினால் ஆள் நடமாட்டம் என்று பழைய கேமராக்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். ஆடிக் காற்றில் வேப்பங்கிளை ஆடினாலும் ஆள்தான். ராத்திரி இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும். வலையின் ஓர் இழை காற்றில் ஆடினால் திரையில் வெள்ளைக் கயிறாகத் தெரியும். விடிய விடியப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் எச்சரிக்கையை அணைத்துவிடுவார்கள்; நானாக இருந்தாலும் அணைத்திருப்பேன். மனித உருவத்தை மட்டும் பிரித்தறிகிற புது மாடல்கள் உண்மையிலேயே முன்னேற்றம். ஆனாலும் கொடியில் காயும் சேலையை ஆள் என்று சொன்ன கேமராவையும் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு நல்ல துடைப்பத்துக்கு இணையான சாஃப்ட்வேர் இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை நீளக் கம்பில் துணி கட்டி லென்ஸைத் துடைக்கச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் கம்பெனிகள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லா டி.வி.ஆருக்கும் ஒரே மாதிரி எளிய பாஸ்வேர்டுதான் வரும், மாட்டுகிறவர்கள் அதை மாற்றவும் மாட்டோம். 2016-ல் மிராய் என்ற கெட்ட மென்பொருள் இப்படித் தொழிற்சாலைப் பாஸ்வேர்டிலேயே இருந்த கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் உலகம் முழுக்கத் தேடிப் பிடித்துத் தன் கைக்குள் கொண்டுவந்தது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான பெரிய தளங்களையே பல மணி நேரம் பலருக்குத் திறக்காமல் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் முதல் தடவை பெட்டியை ஆன் செய்யும்போதே புதுப் பாஸ்வேர்டு கட்டாயம் என்பது பரவலானது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் விற்கலாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் பாஸ்வேர்டைத் தெரிந்த ஒரே ஆள் முன்பு மாட்டிக்கொடுத்த பையன், அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான் என்கிற வீடுகள் ஊருக்குப் பத்து இருக்கின்றன. பில்லையும் பெட்டியின் நம்பரையும் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி, பதிலுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். சொந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க அனுமதி கேட்டு ஒரு ஆச்சி அப்படிக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் எரிச்சல். எரிச்சலைத் தாண்டிய ஒன்று நடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன், சித்திரை மாசம். பத்தரை மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். நான் கேமரா மாட்டிய ஒரு வீட்டில் இரண்டு பித்தளைத் தவலையும் ஒரு குத்துவிளக்கும் திருட்டுப் போயிருக்கின்றன, பதிவைப் பென்டிரைவில் எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். போனேன். கம்பி அழி போட்ட திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. ஏற்கெனவே பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டார்.

"ஆறு நாற்பதுக்கு வெளியே போறான் பாருங்க. தலையில துண்டு, தோள்ல சாக்கு. ஆறு நாற்பதுக்கு இந்தத் தெருவுக்கு வர்றது பால்காரர் ஒருத்தர்தான்னு நாலு வீட்டுலயும் சொல்றாங்க. அவரும் தலையில துண்டு கட்டுற ஆள்தானாம்."

பால்காரர் அப்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவங்கப்பா காலத்துலேருந்து பால் ஊத்துறாங்க. அவன் எடுக்க மாட்டான்ப்பா." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கேமராவுல இருக்குங்கிறாங்களே" என்றார்.

முப்பது வருஷப் பழக்கத்தை ஆறு விநாடிப் பதிவு அசைத்துவிட்டது. அந்தக் கேமராவை மாட்டியவன் நான்.

டி.வி. முன்னால் உட்கார்ந்து அந்த ஆறு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். துண்டு, சாக்கு, குனிந்த நடை. முகம் இல்லை. நாலாவது தடவை ஓட்டும்போதுதான் ஆளை விட்டுவிட்டு, ஆளைச் சுற்றியிருப்பதைப் பார்த்தேன். படம் கருப்பு வெள்ளையில் இருந்தது. லென்ஸ் அருகே இரண்டு பூச்சிகள் வெள்ளைத் தீற்றலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தெருவுக்கு அந்தப் பக்கத்துச் சுவர் முழு இருட்டு. சித்திரையில் ஆறு மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். ஆறு நாற்பதுக்கு அந்தக் கேமரா இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டுக் கலருக்கு மாறி அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பதிவை நிறுத்திவிட்டு நேரலைக்கு வந்தேன். திரையின் மூலையில் மணி 1:50 என்றிருந்தது. என் போனில் 11:20.

இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது டி.வி.ஆர்.

எஸ்.ஐ.யைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருடன் போனது விடிவதற்கு முன்னால், நாலு பத்துக்கு. பிறகு பதிவைத் திரையின் கணக்குப்படி ஒன்பது பத்துக்கு நகர்த்தினேன். பளிச்சென்று கலரில் வந்து நின்றார் பால்காரர். டி.வி.எஸ். வண்டியை ஓரங்கட்டி, கேனைத் தூக்கி, மணியை அடிக்கிறார். அழிக்குள்ளிருந்து ஒரு கை செம்பை நீட்டுகிறது. ஆச்சி எழுந்து வந்து டி.வி.க்கு அருகே நின்று பார்த்தார். "இது என் கைதானே. ஒன்பது மணிக்கு நான் எங்கப்பா பால் வாங்குறேன்? ஒன்பது மணிக்கு நான் கோயில்ல இருப்பேன்" என்றார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. எஸ்.ஐ. அங்கேயே போன் செய்து பால்காரரை அனுப்பிவைக்கச் சொன்னார். திரை நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தவலைகள் கடைசிவரை கிடைக்கவில்லை.

நேரம் எப்படி மாறியது என்று தேடினேன். ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். ஒரு மாசத்துக்கு முன் புதுப் போன் வாங்கி ஆப்பை ஏற்றியிருக்கிறார். பெட்டியின் நேரமும் போனின் நேரமும் வேறாக இருக்கின்றன, ஒன்றாக்கவா என்று ஆப் கேட்டிருக்கிறது. சரி என்று அழுத்தியிருக்கிறார். நம்மில் யாரும் அதைத்தான் அழுத்தியிருப்போம். சிங்கப்பூர் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சீனாவின் மணியும் அதுவே. அங்கிருந்து வரும் பல பெட்டிகள் அந்த நேரத்தோடேயே வந்து இறங்கும் என்பதால், மாட்டும் அன்றைக்கே +5:30 போடுவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நான் போட்டுத்தான் கொடுத்தேன். ஆனால் மகனுக்கு முழு அதிகாரமுள்ள அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தவனும் நான்தான். பார்க்க மட்டும் அனுமதி உள்ள கணக்கைக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே அவருக்கு வந்திருக்காது. அது என் தப்பு. ஆனால் அந்த ஆப்பை எழுதியவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று போனுக்குத் தெரிகிறது. வாசல் எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

கோர்ட்டுக்குப் போகும் பதிவுகளுக்கு முன்பு சாட்சியச் சட்டம் 65பி பிரிவில் சான்றிதழ் கொடுப்போம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவு வந்துவிட்டது. சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்று பெட்டியைக் கையில் வைத்திருப்பவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும், ஆகவே எடுத்த பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது நல்ல காவல். ஆனால் எடுப்பதற்கு முன்பே பெட்டியின் மணி தப்பாக ஓடியிருந்தால் ஹாஷ் அதைச் சொல்லாது. அன்றைக்கு நான் கவனிக்காமல் நகல் எடுத்துக் கொடுத்திருந்தால், அந்தத் தப்பான ஆறு நாற்பதுக்குச் சுத்தமான சான்றிதழும் சேர்ந்திருக்கும்.

வீட்டுக் கேமராவை முதலில் யோசித்தவர் ஒரு நர்ஸ் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மேரி வான் பிரிட்டன் பிரவுன், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்காரர். அவருக்கும் கணவருக்கும் வேலை நேரம் வேளைகெட்ட வேளையில் வரும். அக்கம்பக்கத்தில் குற்றங்கள் அதிகம், கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும். யார் கதவைத் தட்டுவது என்று உள்ளிருந்தே பார்க்க வேண்டும் என்று, எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கினார். கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், அவற்றுக்கு நேராக நகரும் கேமரா, படுக்கையறையில் டி.வி., வெளியே நிற்பவரோடு பேச மைக், உள்ளிருந்தே தாழ் திறக்க ஒரு பொத்தான். 1966-ல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை வாங்கினார்கள். அந்த அம்மாவின் அமைப்பில், கதவுக்கும் அவர் கண்ணுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதனால் என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். ஆப் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளத்தூர் ஆச்சியைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் கிளவுடை மட்டும் நம்பும் கேமராவை ஆள் இருக்கும் வீட்டுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இன்டர்நெட் போனாலும் உள்ளே ஒரு டி.வி.யில் படம் தெரிய வேண்டும். ரூட்டரையும் டி.வி.ஆரையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுவேன். கேமராவுக்குக் கரண்ட் இருந்து ரூட்டருக்கு இல்லாததால் வந்த போன்களுக்குக் கணக்கே இல்லை. டிஸ்க் அளவைக் கணக்குப் போட்டே சொல்வேன். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு இரண்டு மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளைக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. நாலு கேமராவுக்கு ஒரு டி.பி. பதினோரு நாள்தான் தாங்கும், அதற்குப் பிறகு பழையதன் மேலேயே எழுதும். படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றினால் ஏறத்தாழ இரட்டிப்பு நாள் வரும். பூட்டிய வீட்டைக் கல்யாணத்துக்குத் திறக்கும்போதுதான் திருட்டே தெரிகிற எங்கள் ஊரில், பதினோரு நாள் பதிவை வைத்து என்ன செய்வது? அந்த வீடுகளுக்குப் பெரிய டிஸ்க் போடச் சொல்லி வற்புறுத்துவேன். அட்மின் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிக் கவரில் போட்டு, ஆச்சியின் கையிலேயே கொடுத்துவிடுவேன். இரும்புப் பெட்டியில் பத்திரத்தோடு அது இருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் பார்க்கிற அனுமதி மட்டும். சிலருக்கு வருத்தம்தான். படுக்கையறையிலும் அடுப்படிப் பெண்கள் உட்கார்ந்து பேசும் இடத்திலும் கேமரா வைக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். எந்தக் கேமரா எதுவரை பார்க்கிறது என்பதை வேலைக்கு வரும் அம்மாவுக்கும் டி.வி.யில் காட்டிவிட்டுத்தான் புறப்படுவேன்.

ஏணியை மடக்குவதற்கு முன் கடைசியாக ஒன்று. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒவ்வொரு கேமராவுக்கும் நேராகக் கொஞ்ச நேரம் பிடிப்பேன். முள்ளும் திரை மணியும் ஒரே படத்தில் பதிவாகும்.

போன மாசம் அந்தத் தவலை போன வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றப் போனேன். வாசல் கேமராவின் படத்தில் புதிதாக ஏதோ இருந்தது. வளவில் தொங்கிக்கொண்டிருந்த பழைய பெண்டுலக் கடிகாரத்தைத் திண்ணைச் சுவருக்கு, அழிக்கு உள்பக்கமாக, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி மாற்றி மாட்டச் சொல்லியிருக்கிறார் ஆச்சி. "நீ வச்ச மணி சரியா ஓடுதான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? இது ஓடுறது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நானே சாவி கொடுக்கிறேன்" என்றார்.

பழைய டிஸ்கைக் கழற்றுவதற்கு முன் பதிவு ஒழுங்காக இருக்கிறதா என்று முந்தின நாள் காலையைத் திறந்தேன். திரையில் ஆறு நாற்பது, சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பத்திரண்டு. நல்ல வெளிச்சம், கலர் படம். பால்காரர் வண்டியை நிறுத்தினார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கேமராவுக்கு நேராக வந்து நின்று ஒரு தடவை மேலே பார்த்தார். அதற்கு முந்தின நாளையும், அதற்கும் முந்தின நாளையும் திறந்து பார்த்தேன். மணி அடிப்பதற்கு முன், தினமும் அப்படித்தான் நிற்கிறார்.